தோல் வேலை பழக: ஒரு சதுர அடியில் தொடங்கலாம்

தோல் வேலை பழகலாம் என்று முடிவு செய்தவர்கள் முதலில் செய்வது, இணையத்தில் நாற்பது ஐம்பது கருவிகள் அடுக்கிய பெட்டி ஒன்றை வாங்குவது. வாங்க வேண்டாம். அதில் பாதி, தோலில் பூ அச்சுப் போடுகிற முத்திரைகள். மீதி, வெட்டாத கத்தி, வளைகிற ஊசி, மொக்கையான பஞ்ச். காசு போவது ஒருபுறம் இருக்கட்டும். மொக்கைக் கருவியில் பழகுகிறவர், கோளாறு தன் கையில்தான் என்று நினைத்து ஒரு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்.

சாவிப் பட்டை, கார்டு உறை, கண்ணாடிக் கூடு, பெல்ட். இந்த வரிசையில் நான்கு பொருள் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் இல்லாத ஓரிரு வேலைகளை மட்டும் கூடுதலாகக் கேட்கும். கருவிகளையும் அப்போதைக்கப்போது வாங்கினால் போதும். முதல் கார்டு உறை கோணலாகத்தான் வரும். வந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். புதுசு புதுசாகத் தாவுவதைவிட, அதே உறையை மூன்றாம் முறை செய்யும்போதுதான் கை திருந்துகிறது என்பது என் கட்சி.

எந்தத் தோல்

உரித்த தோல் அழுகாமல் இருக்கப் பதனிட வேண்டும். அதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, குரோமியம் உப்பு. வேலை சீக்கிரம் முடியும். மென்மையான, தண்ணீர் பட்டாலும் பெரிதாகப் பாதிக்காத தோல் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்கும் பைக்கும் போகிற தோலில் பெரும்பங்கு இதுதான். மற்றது, மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்புச் சத்தில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஊறவைப்பது. கடையில் இதை ‘வெஜ் டேன்’ என்பார்கள்.

கையால் தைக்கப் பழகுகிறவருக்கு வெஜ் டேன்தான் வேண்டும். அது விறைப்பாக இருப்பதால் கத்திக்கு நகராமல் நேராக வெட்டுப்படும். விளிம்பை ஈரப்படுத்தித் தேய்த்தால் பளபளவென்று இறுகும். நனைத்து வளைத்தால் அந்த வடிவத்திலேயே காய்ந்து நிற்கும். குரோம் தோலில் இந்த மூன்றுமே வராது. விளிம்பு பஞ்சு பஞ்சாக நிற்கும், அதற்கு மேல் பெயின்ட் அடித்துத்தான் மூட வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய வெட்டிய விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் குரோம். உள்ளும் புறமும் ஒரே தவிட்டு நிறம் என்றால் வெஜ் டேன். மேல்பூச்சு இல்லாத வெஜ் டேனில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கருக்கும். பின்பக்கத்தில் நார் இல்லாமல் துணி ஒட்டியிருந்தால் அது ரெக்ஸின். ‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையை நம்பி எதையும் வாங்காதீர்கள். பிளந்தெடுத்த அடித்தோலின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியதற்கும் அதே முத்திரையைத்தான் குத்துகிறார்கள்.

வெஜ் டேன் என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடைசியில் கடுக்காய் நீரில் போட்டெடுத்த தோல், வெள்ளைக்காரர் காலத்திலேயே இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ‘ஈ.ஐ. லெதர்’ (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்ற அந்தப் பழைய வியாபாரப் பெயரிலேயே இப்போது புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு எல்லாம் அதற்குப் பேர் போன ஊர்கள். கடுக்காய் சும்மா சேர்ப்பதில்லை. ஆவாரம் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் படப் படச் சிவந்துபோகும். கடுக்காய் அந்தச் சிவப்பைத் தடுக்கும். இப்போது ஆவாரைக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறுதான்.

மரப்பட்டையில் பதனிட்டது என்பதால் ஆற்றுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று சிலர் விற்கிறார்கள். அதை அப்படியே ஏற்க முடியாது. பச்சைத் தோலைக் கெடாமல் வைத்திருக்கப் போட்ட உப்பைக் கழுவுகிற தண்ணீர் இரண்டு முறைக்கும் பொது. பட்டைச் சாற்றின் கழிவும் சுத்திகரிக்காமல் விடக்கூடியதல்ல. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். நாம் வெஜ் டேன் எடுப்பது கைவேலைக்கு அது தோதாக இருப்பதால். புண்ணியக் கணக்கெல்லாம் வேண்டாம்.

வாங்குவது எப்படி

சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடுதான். சைடன்ஹாம்ஸ் சாலையையும் அதை ஒட்டிய தெருக்களையும் சுற்றினால் தோல், நூல், பக்கிள், ரிவிட் எல்லாம் கிடைத்துவிடும். தோல் விற்பது சதுர அடிக் கணக்கில். ஒழுங்கில்லாத உருவமாயிற்றே, எப்படிச் சதுர அடி என்று குழம்ப வேண்டாம். இயந்திரத்தில் அளந்து, தோலின் பின்பக்கத்தில் பரப்பை எண்ணாக எழுதியிருப்பார்கள். முழுத் தோலை வாங்கத் தேவையில்லை. “பாய், வெஜ் டேன்ல கட்பீஸ் இருக்கா? ரெண்டு எம்.எம். வேணும்” என்று கேளுங்கள். ஒரு கடையில் இல்லை என்றால் எந்தக் கடையில் இருக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடைக்குப் போடுகிற கடைகளும் உண்டு. தொடங்குகிறவருக்கு அந்தத் துண்டுகள்தான் பொக்கிஷம்.

தேவையான தடிமன்: கார்டு உறைக்கு 1.2 மி.மீ., சாவிப் பட்டைக்கு 2, பெல்ட்டுக்கு 3.5. தடிமன் அளக்கிற வெர்னியர் கையில் இல்லையென்றால் ஏ.டி.எம். கார்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்டின் தடிமன் 0.76 மி.மீ.; தோல் அதைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் கார்டு உறைக்குச் சரி.

துண்டை எடுத்ததும் இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். மாட்டின் முதுகுப் பகுதித் தோல் இறுக்கமாக இருக்கும், இழுபடாது. வயிற்றுப் பகுதி ரப்பர் மாதிரி இழுபடும். அதில் பெல்ட் செய்தால் சில மாதத்தில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டி வரும். வயிற்றுப் பகுதியைத் தைத்துப் பழக வைத்துக்கொள்ளலாம். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய தழும்பு இதற்கெல்லாம் துண்டை ஒதுக்காதீர்கள். அவை இருந்தால் விலை குறையும், வலு குறையாது. மடித்துப் பார்த்து மேல்பரப்பு நுணுக்கமாக வெடித்தால் மட்டும் வேண்டாம்.

கருவிகள்

அகலமான 18 மி.மீ. அலகுள்ள கட்டர், இரும்பு ஸ்கேல், கட்டிங் மேட். இரண்டு முனையும் இரும்பாக உள்ள காம்பஸ். தையல் துளை போடும் பல் உளி, பல்லுக்குப் பல் 4 மி.மீ. இடைவெளியில்: இரண்டு பல் ஒன்று, நான்கோ ஆறோ பல் உள்ளது ஒன்று. முனை மழுங்கிய தோல் ஊசிகள். மெழுகு ஏற்றிய பாலியெஸ்டர் நூல், 0.6 அல்லது 0.8 மி.மீ. வட்டத் துளை போடுகிற பஞ்ச். உப்புத்தாள் 180, 400, 800. கொஞ்சம் தேன்மெழுகு, பழைய ஜீன்ஸ் துணி. தட்டுவதற்கு ஆசாரிகள் வைத்திருக்கும் மரச் சுத்தி, அதாவது கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியால் பல் உளியைத் தட்டினால் தலை நசுங்கிவிடும்.

காசு செலவழிப்பதென்றால் பல் உளிக்குச் செலவழியுங்கள். மட்டமான உளியில் பற்கள் ஒன்றுக்கொன்று உயரம் மாறியிருக்கும், பக்கவாட்டில் பிசிறு இருக்கும், தோலில் இறங்கினால் வெளியே வராது. மற்றதெல்லாம் சுமாராக இருந்தால்கூட ஒப்பேற்றலாம்.

துளை போடும்போது அடியில் கருங்கல் பலகை, அதன் மேல் காய் நறுக்குகிற பழைய பிளாஸ்டிக் பலகை. வெறும் கல்லில் உளி இறங்கினால் பல் போச்சு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் மேசையின் நடுவில் தட்டாமல், கால் இருக்கும் மூலைக்கு நேர் மேலே வைத்துத் தட்டுங்கள். மேசை அதிராது. மேசைக் காலுக்கடியில் கால்மிதியை மடித்துப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டமாட்டார்.

பசைக்குத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரைக் கேளுங்கள். அவர் ‘சொல்யூஷன்’ என்று சொல்வதுதான் நமக்கும் வேண்டும். போனதோடு அவர் கையையும் கொஞ்ச நேரம் பாருங்கள். குத்தூசி எந்தச் சாய்வில் இறங்குகிறது, கத்தியைக் கல்லில் எப்படித் தீட்டுகிறார், தடித்த விளிம்பை எப்படி மூன்றே இழுப்பில் சீவி மெலிதாக்குகிறார் என்பதெல்லாம் எந்த வீடியோவிலும் இவ்வளவு பக்கத்தில் கிடைக்காது. நாம் இன்று ஆசைக்குச் செய்கிற இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவந்தவர்களை, அதே வேலையைக் காட்டித்தான் ஊர் ஒதுக்கி வைத்தது. அதனால் சும்மா நின்று வேடிக்கை பார்க்காமல், ஒரு வேலையைக் கொடுத்து, சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, “அண்ணா, இதை எப்படிச் சீவுறீங்க?” என்று கேளுங்கள்.

முதல் பொருள்: சாவிப் பட்டை

தையலே கிடையாது. 2 மி.மீ. தோலில் 2.5 செ.மீ. அகலம், 18 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை. சாவி வளையத்துக்குள் விட்டு இரண்டாக மடித்து, வளையத்தை ஒட்டி ஒரு ரிவிட். அவ்வளவுதான். ஆனால் நேராக வெட்டுவது, விளிம்பைத் தீட்டுவது இரண்டும் இதில் வந்துவிடும். அடுத்து வருகிற எல்லாவற்றுக்கும் இவைதான் அடிப்படை.

வெட்டும்போது ஸ்கேல் உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்கட்டும். கத்தி விலகினாலும் மிச்சத் துண்டில்தான் கீறும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள். முதல் இழுப்பு கோடு கீறுவதற்கு மட்டும். அடுத்த இரண்டு மூன்று இழுப்பில் அறுபடட்டும். கத்தி சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். நின்றுகொண்டு வெட்டினால் நேராக வரும். ஸ்கேலைப் பிடித்த கைவிரல் எதுவும் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கட்டர் அலகின் நுனியைத் தயங்காமல் ஒடித்துப் புதுமுனைக்குப் போங்கள். கூர் போன கத்திக்குத்தான் பலம் கொடுக்க வேண்டியிருக்கும், அப்போதுதான் கை வெட்டுப்படும்.

அடுத்து விளிம்பு. 180 உப்புத்தாளால் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக்குங்கள். மேல் கீழ் இரண்டு முனைகளின் கூர்மையையும் மழுக்குங்கள். விளிம்பு லேசாக உருண்டு வர வேண்டும். பிறகு 400, 800. அதற்குப் பின் விரலைத் தண்ணீரில் தொட்டு விளிம்பில் மட்டும் ஒரு தடவு. நனைக்கக் கூடாது, ஈரம் காட்டினால் போதும். முகப்பில் தண்ணீர் வழிந்தால் கறை நிற்கும். ஜீன்ஸ் துணியை விரலில் மடித்துப் பிடித்து வேகமாக, நீளவாக்கில் தேயுங்கள். முதலில் நார் எழும்பும். விடாமல் தேய்த்தால் துணி சூடாகும், விளிம்பு இறுகும், திடீரென்று கருத்து மினுங்கும். காயவிட்டு 800ஆல் லேசாகத் தடவி இன்னொரு முறை அதையே செய்யுங்கள். கடைசியில் தேன்மெழுகை விளிம்பில் இழுத்து, துணியால் தேய்த்து உருக்கினால் முடிந்தது. கையால் செய்த தோல் பொருளை எடுத்துப் பார்க்கிற விவரம் தெரிந்தவர்கள் முதலில் விரலை ஓட்டிப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

ரிவிட்டில் கவனிக்க வேண்டியது அதன் காலின் நீளம். மடித்த தோலைத் தாண்டிச் சுமார் 3 மி.மீ. கால் வெளியே தெரிய வேண்டும். குறைந்தால் பிடிக்காது, கூடினால் தட்டும்போது உள்ளே கோணிக்கொள்ளும்.

சாயம் இப்போது வேண்டாம். வெஜ் டேனை ஜன்னலோரம் சில நாள் வைத்தால் தானாகவே தேன் நிறத்துக்கு வரும். அப்புறம் கை எண்ணெய் பட்டு இன்னும் கருக்கும்.

இரண்டாவது: கார்டு உறை

இதில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். கார்டு 85.6க்கு 54 மி.மீ. தையல், விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே வரும், இரு பக்கமும் சேர்த்து 6. கார்டு ஏறி இறங்கவும் பல கார்டு வைக்கும்போது தோல் உப்பவும் இடம் வேண்டும். ஆக அகலம் 100 மி.மீ. நடுத்துண்டு ஒன்று, 100க்கு 64. முன்னும் பின்னும் பைத்துண்டு இரண்டு, 100க்கு 48. மொத்தம் மூன்றே துண்டு, இரண்டு பை. முதலில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி, ஓரத்தை ஸ்டேப்ளர் அடித்து, நிஜக் கார்டை வைத்துப் பாருங்கள். கார்டின் தலை விரலுக்குப் பிடிக்கக் கிடைக்கிறதா என்று அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையைத் தோல் மேல் வைத்துக் காம்பஸ் முனையால் கீறி அளவெடுங்கள். பேனா கோடு வெஜ் டேனில் போகாது.

வேலையின் வரிசை முக்கியம். பைத்துண்டுகளின் மேல்விளிம்பையும் நடுத்துண்டின் மேல்விளிம்பையும் ஒட்டுவதற்கு முன்பே தீட்டி முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு பையின் வாய்க்குள் உப்புத்தாள் போகாது. அடுத்து, நடுத்துண்டின் வழவழப்பான முகத்தில் பை ஒட்டப்போகிற மூன்று ஓரங்களிலும் 4 மி.மீ. அகலத்துக்குக் கத்தி முனையால் சுரண்டிக் கரகரப்பாக்குங்கள். வழவழப்பில் பசை பிடிக்காது. சுரண்டுவது பையின் உயரத்தோடு நிற்கட்டும். அதற்கு மேல் போனால் வெளியே தெரியும்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு பரப்பிலும் மெல்லிய பட்டையாகச் சொல்யூஷன் தடவுங்கள். உடனே ஒட்டக் கூடாது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும், கையோடு வரக் கூடாது, அதுதான் பதம். ஒட்டினால் ஒட்டியதுதான், நகர்த்த முடியாது. அதனால் கீழ்மூலையை முதலில் பொருத்தி மெல்லப் படியவிட்டு, கொட்டாப்புளியால் ஓரங்களை லேசாகத் தட்டுங்கள். மூன்று துண்டின் ஓரமும் ஒரு மயிரிழை மாறித்தான் நிற்கும். புதுக் கத்தியால் அந்தப் பிசிறைச் சீவி ஒரே மட்டமாக்குங்கள். கீழ்மூலை இரண்டையும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வளைவாக வெட்டுங்கள்.

காம்பஸை 3 மி.மீ.க்கு வைத்து, ஒரு முனை விளிம்பை ஒட்டி ஓட, மறுமுனை தோலில் கோடு கீற, மூன்று பக்கமும் இழுங்கள். இந்தக் கோட்டின் மேல்தான் பல் உளி. அடித்துத் துளைக்கும் முன், உளியை மெல்ல அழுத்தி அடையாளம் மட்டும் பதித்துக்கொண்டே போய், கடைசியில் கணக்கு எங்கே முடிகிறது என்று பாருங்கள். பையின் வாய்க்குச் சற்று மேலே, நடுத்துண்டில் ஒரு துளை விழ வேண்டும். முதல் தையல் பை விளிம்பின் மேலேறிப் பிடித்துக்கொள்ள அதுதான் வழி. கார்டு இழுபடும்போது முதலில் பிய்வது அந்த மூலை. வளைவில் இரண்டு பல் உளி. நேர் ஓட்டத்தில், முன்பு விழுந்த கடைசித் துளையில் முதல் பல்லை நிறுத்தி அடுத்த வரிசையைப் போட்டால் இடைவெளி மாறாது. உளி சாயாமல் நின்றால்தான் பின்பக்கத் துளைகளும் கோட்டில் வரும். உளி சிக்கிக்கொண்டால் ஆட்டிப் பிடுங்காதீர்கள். பல்லில் தேன்மெழுகைக் குத்தி எடுத்துக்கொண்டு, தோலை விரலால் அழுத்திப் பிடித்து நேராக இழுங்கள்.

இப்போது தையல். நூல் ஒன்று, ஊசி இரண்டு. தைக்கிற நீளம் 48, 100, 48. கூட்டினால் 196 மி.மீ. அதைப்போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். கை பழகும்வரை 90 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் நூல் தீர்ந்தால் படுகிற பாட்டுக்கு இந்தக் கூடுதல் ஒன்றுமில்லை. நூலை ஊசிக்காதில் கோத்து, ஊசி முனையால் நூலின் உடலையே ஒருமுறை குத்தி, கீழே இழுத்துவிட்டால் காதில் பூட்டிக்கொள்ளும். இரண்டு முனையிலும் அப்படியே.

உறையைப் பிடிக்க ஒரு மரக் கிடுக்கி இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். முழங்காலுக்கு இடையில் நிற்கிற மாதிரி ஆசாரியிடம் படம் காட்டிச் செய்யச் சொல்லலாம். அதுவரை பைண்டர் கிளிப் போட்டு மேசை ஓரத்தில் நிறுத்துங்கள், தோலுக்கும் கிளிப்புக்கும் நடுவில் அட்டை வைத்து.

முதல் துளையில் ஒரு ஊசியை விட்டு, இரு பக்கமும் நூல் சமமாக வரும்படி இழுங்கள். உறையின் முகப்பு வலக்கைப் பக்கம் இருக்கட்டும். அடுத்த துளைக்கு இடக்கை ஊசிதான் முதலில். அதை வலப்பக்கம் இழுத்து வெளியே எடுங்கள். இரண்டு மூன்று அங்குலம் நூல் வந்ததும் நிறுத்தி, அந்த நூலைத் துளைக்குள் ஒரு ஓரமாக ஒதுக்கிப் பிடித்தால் கொஞ்சம் இடம் தெரியும். அந்த இடத்தில் வலக்கை ஊசியை அதே துளைக்குள் நுழையுங்கள். முழுக்க இழுக்கும் முன், முதல் நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் ஊசி நூலையே குத்திக்கொண்டு போகிறது. ஊசியை வந்த வழியே எடுத்து மறுபடி நுழையுங்கள். பிறகு இரு நூலையும் இரு கையால் ஒரே விசையில் இழுங்கள். தோல் பள்ளமாக அமுங்கும் அளவுக்கு வேண்டாம், நூல் தோலில் படிந்து உட்கார்ந்தால் போதும்.

ஒவ்வொரு துளையிலும் இதே வரிசை. முதலில் இடம், பிறகு வலம். நூலை ஒதுக்குகிற திசையும் மாறக் கூடாது. தையல்கள் எல்லாம் ஒரே சாய்வில் வரிசையாக நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான். நடுவில் போன் வந்து எழுந்து போனால், துளையை முடித்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து எந்தக் கை முதலில் என்று மறந்து தைத்த அந்த ஒரு தையல் மட்டும் வேறு பக்கம் சாய்ந்து நிற்பது தூரத்திலிருந்தே தெரியும்.

கடைசித் துளைக்கு வந்ததும் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, இரு நூலையும் பின்பக்கம் கொண்டுவந்து, 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரால் லேசாகக் காட்டி, உருகியதை லைட்டரின் அடிப்பக்கத்தால் அழுத்துங்கள். பாலியெஸ்டர் நூலுக்கு மட்டும்தான் இது. பருத்தி, லினன் நூல் எரிந்துபோகும்.

மிஷின் தையல் அழகுதான். ஆனால் அதில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்கள் நெகிழத் தொடங்கும். இந்த இரட்டை ஊசித் தையலில் ஒவ்வொரு துளையிலும் இரு நூலும் முழுதாகக் குறுக்கே போவதால், ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும்.

தைத்தபின் மூன்று விளிம்பையும் சாவிப் பட்டைக்குச் செய்த மாதிரியே தீட்டுங்கள். மூன்று அடுக்கும் சேர்ந்து ஒரே தோல் மாதிரி தெரியும்வரை. புது உறை இறுக்கமாக இருக்கும். பைக்கு இரண்டு கார்டு வீதம் வைத்து ஓரிரவு விட்டால் தளரும்.

இதைச் செய்தவுடன் பணம் வைக்கிற மடிப்புப் பர்ஸ் செய்ய ஆசை வரும். இரண்டு உறை முடிக்காமல் போகாதீர்கள். போனால் ஒன்று நினைவிருக்கட்டும்: 500 ரூபாய்த் தாள் 150க்கு 66 மி.மீ. மடிக்கும்போது வெளித்தோல் உள்தோலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், ஆகவே வெளித்தோல் சில மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால் பர்ஸ் மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

மூன்றாவது: கண்ணாடிக் கூடு

1.5 மி.மீ. தோல் ஒரே துண்டு, மடித்து இரண்டு ஓரம் தைத்தால் கூடு. இங்கே புதிது, தோலை நனைத்து வடிவம் கொடுப்பது. தைத்து முடித்த கூட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நொடி முக்கி எடுங்கள். கண்ணாடியைப் பாலிதீனில் சுற்றி உள்ளே வைத்து, விரலாலேயே அமுக்கி அமுக்கி உருவம் கொண்டுவாருங்கள். நகம் படக் கூடாது. ஈரத்தோலில் பட்ட நகக் குறி அப்படியே நின்றுவிடும். நிழலில், காற்றில் காயட்டும். ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடித்தாலோ வெயிலில் வைத்தாலோ சுருங்கி அப்பளமாக விறைக்கும். கண்ணாடியின் அளவில் 2 செ.மீ. தாராளமாக விட்டு, முதலில் அட்டையில் செய்து பாருங்கள்.

நான்காவது: பெல்ட்

வேலை குறைவு, தோல் விலை அதிகம். அதனால்தான் கடைசியில். முதுகெலும்பு ஓடுகிற திசையில் வெட்டிய 3.5 மி.மீ. பட்டை வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் கையால் நேராக வெட்டுவது சிரமம். கடையிலேயே பட்டையாக வெட்டி வாங்கிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பேன்ட்டுக்கு 3 முதல் 3.5 செ.மீ. அகலம், ஜீன்ஸுக்கு 4 வரை.

இடுப்பை டேப்பால் அளக்காதீர்கள். பேன்ட்டின் சைஸ் எண்ணையும் நம்பாதீர்கள். இப்போது போட்டிருக்கிற பெல்ட்டைக் கழற்றி, பக்கிள் மடிப்பிலிருந்து வழக்கமாக மாட்டுகிற துளைவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவில் நடுத்துளை விழட்டும். அதற்கு இரு பக்கமும் 2.5 செ.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு துளை. பக்கிளை மடித்துப் பிடிக்க முன்னால் 7 செ.மீ., நுனிக்குப் பின்னால் ஒரு சாண் சேர்த்து வெட்டுங்கள். மடிகிற இடத்தைப் பின்பக்கத்தில் பாதித் தடிமனுக்குச் சீவ வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் பார்த்துவைத்த வேலை இங்கேதான் உதவும். மிச்சத் தோலில் நாலைந்து முறை சீவிப் பார்த்துவிட்டுப் பெல்ட்டில் கை வையுங்கள்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னையில் இடம் உண்டு. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம், இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்புப் படிப்புகள் நடத்தும் எஃப்.டி.டி.ஐ. வளாகம், அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். காலணி, பை என்று தொழிலாக எடுப்பவர்களுக்குத்தான் இவை பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சாவிப் பட்டை செய்ய நினைப்பவருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

செய்த பொருளைப் பார்த்துக்கொள்வது பற்றிக் கடைசியாகக் கொஞ்சம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயைக் கைநிறைய ஊற்றித் தேய்க்காதீர்கள். தோல் திட்டுத் திட்டாகக் கருக்கும், விறைப்புப் போய்த் தொளதொளக்கும். எந்த எண்ணெயானாலும் துணியில் ஒரு சொட்டு, மிச்சத் துண்டில் போட்டுப் பார்த்த பிறகு. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், வெஜ் டேனுக்கு அது சகஜம். உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, நிழலில் காற்றாடப் போட்டால் போய்விடும். மீதித் தோலைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல், செய்தித்தாளில் தளர்வாகச் சுருட்டிச் சுவரில் ஈரம் இறங்காத பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். மடித்து வைத்தால் அந்த மடிப்புக்கோடு பிறகு போகாது.